மெலோடிராமாட்டிக்லி: நாடகமாடுவதைச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்



இந்த மாதச் சொல்லை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகளுக்குப் பள்ளியில் ஐந்து வினையடைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்து வரும்படி சொன்னார்களாம். நான்கை அந்தப் பிள்ளை தானே எழுதிவிட்டாள். ஐந்தாவது, 'மெலோடிராமாட்டிக்லி'. அகராதியில் 'நாடகத்தனமாக' என்று போட்டிருந்தது. அதை வைத்து அவள் எழுதின வாக்கியம் இது: 'மை பிரதர் ஆக்டட் மெலோடிராமாட்டிக்லி இன் தி ஸ்கூல் டிராமா.' அதாவது, என் தம்பி பள்ளி நாடகத்தில் நாடகத்தனமாக நடித்தான். ஆசிரியை அதற்கு அரை மதிப்பெண் மாத்திரம் போட்டிருக்கிறார்கள். "இதில் என்ன பிழை? நாடகத்தில் நாடகத்தனமாக நடிக்காமல் வேறெப்படி நடிப்பது?" என்று சகோதரி கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆகிலும், தம்பி நன்றாக நடித்தான் என்று சொல்ல நினைத்த அக்காள், அவன் மிகையாக நடித்துக் காரியத்தைக் கெடுத்தான் என்று எழுதிவிட்டாள். இந்தச் சொல் பாராட்டுகிற சொல் அல்ல. மேலும், இது பெரும்பாலும் மேடையில் இருப்பவனைப் பற்றிச் சொல்லப்படுவதும் இல்லை. மேடை இல்லாத இடத்தில், திரைச்சீலை இல்லாத இடத்தில், வீட்டுக் கூடத்திலும் அலுவலகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும், ஒருவர் தம் உணர்ச்சியைப் பார்ப்பவர்களுக்காக அளவுக்கு மீறிப் பெரிதாக்கிக் காட்டும்போது அதற்குப் பெயர் மெலோடிராமாட்டிக்லி.

நம்முடைய பேச்சிலும் இதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. 'நாடகமாடாதே' என்பது ஊரில் இருக்கும் பெரியவர்களின் வார்த்தை. 'சீன் போடாதே' என்பது பட்டணத்துப் பிள்ளைகளின் வார்த்தை. வடக்கே வந்து குடியேறின நமக்கு இன்னொன்றும் பழக்கமாகிவிட்டது: மும்பையிலும் டில்லியிலும் அண்டை வீட்டார் 'நௌடங்கி பண்ணாதே' என்கிறார்கள். நௌடங்கி என்பது உத்தரப் பிரதேசத்தின் கிராமியக் கூத்து. ஹாத்ரஸ், கான்பூர் என்று இரண்டு பெரிய மரபுகள் அதற்கு உண்டு. நகாரா என்னும் முரசை முழக்கிக்கொண்டு, உரத்த குரலில் பாடி நடிப்பார்கள். அந்தக் கலையின் பெயரே இன்றைக்கு ஹிந்தியில் வீண் ஆர்ப்பாட்டத்துக்குப் பெயராகிவிட்டது. கூத்து என்ற நம்முடைய சொல்லுக்கும் அதே கதிதான்; 'என்ன கூத்து இது?' என்று கேட்கிறவர் கலையை ரசிக்கிறவர் அல்லவே. எல்லாப் பாஷைக்காரரும் கூத்தைக் கூட்டமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. மெலோஸ் என்றால் கிரேக்கத்தில் பாட்டு. டிராமா என்பதும் கிரேக்கமே. 'செய்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது, 'செயல்' என்று பொருள். இவ்விரண்டையும் சேர்த்து மெலோட்ராம் என்ற சொல்லை ஆக்கினவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ரூசோ எழுதிய 'பிக்மாலியன்' என்ற சிறு நாடகம் 1770-ல் லியோன் நகரத்தில் அரங்கேறியது. அதில் நடிகர் பேசுவார். பேச்சு நின்றதும் இசை எழும்பும். இசை அடங்கினதும் மறுபடியும் பேச்சு. அக்காலத்தில் மெலோடிராமா என்றால் இசையோடு சேர்ந்த பேச்சு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வசை இல்லை, ஏளனம் இல்லை.

இந்த அர்த்தத்தின்படி பார்த்தால், பிரசங்கத்தின் முடிவில் ஊழியர் குரலைத் தாழ்த்தி ஜெபத்துக்கு அழைக்கும்போது, கீபோர்டு வாசிக்கும் தம்பி மெதுவாக இசையை ஆரம்பிப்பதும் மெலோடிராமாதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்லின் மூலத்தைச் சொல்லுகிறேன். குறையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்தச் சொல் பெருகினதற்கு ஒரு சட்டம் காரணமாயிருந்தது. 1737-ஆம் வருஷத்து நாடக உரிமச் சட்டத்தின் விளைவாக, லண்டனில் வசனம் பேசி நடிக்கும் முறையான நாடகத்தை நடத்தும் உரிமை அரச சாசனம் பெற்ற அரங்குகளுக்கு மாத்திரமே என்று ஆயிற்று. அவற்றில் முக்கியமானவை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்னும் இரண்டு. மற்ற சிறிய அரங்குகள் என்ன செய்யும்? பாட்டும் இசையும் கலந்தால் அது 'நாடகம்' ஆகாது என்று வழி கண்டுபிடித்தார்கள். இதற்கிடையில், 1802-ல் தாமஸ் ஹோல்கிராஃப்ட் என்பவர் பிக்ஸெரிகூர் என்ற பிரெஞ்சுக்காரரின் நாடகத்தைத் தழுவி எழுதிய 'எ டேல் ஆஃப் மிஸ்டரி' கோவென்ட் கார்டனிலேயே அரங்கேறியது. மெலோடிராமா என்ற பெயரைத் தாங்கி ஆங்கிலத்தில் வந்த முதல் நாடகம் அதுவே என்பார்கள். அதற்குப் பின்பு பெரிய அரங்குகளிலும் சிறிய அரங்குகளிலும் இதே வகை நாடகங்கள் பெருகின. 1843-ல் வந்த புதிய சட்டம் இரண்டு அரங்குகளின் தனியுரிமையை நீக்கிற்று. ஆனால் அதற்குள் ஜனங்களுக்கு ருசி பழகிவிட்டது.

அந்த நாடகங்களில் நல்லவன் முழுக்க நல்லவன். கெட்டவன் முழுக்கக் கெட்டவன். கெட்டவன் நுழையும் முன்பே அவனுக்குரிய இசை நுழையும். அரங்குகளோ பெரியவை, கடைசி வரிசையில் காசு குறைவாகக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கும் தெரியவேண்டும் என்பதற்காக, நடிகை நெற்றியில் புறங்கையை வைத்து மயங்குவாள், நாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கித் தள்ளாடுவான். நம்மில் அநேகர் இவற்றைப் பார்த்ததில்லை. ஆனால் மெல்லிய சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடரில் மாமியாரின் முகத்தை மூன்று தரம் காட்டி, மூன்று தரமும் இடி இடிக்கிறதைக் கேட்காமல் யாரும் தப்பமுடியாது. அதுவே இது.

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று. கடைசி வரிசைக்காகச் செய்த பெரிய அபிநயம் அந்த அரங்கத்தில் அவசியமாயிருந்தது. அதே அபிநயத்தை எட்டடி அறையில் ஒருவர் செய்தால்தான் கேலியாகிறது. ஆகவே இந்தச் சொல் அளவைப் பற்றின சொல். இடத்துக்கும் காரணத்துக்கும் மிஞ்சின அளவு.

இப்பொழுது வாக்கியத்துக்கு வருவோம். முதலாவது எழுத்து. பெயரடை 'மெலோடிராமாட்டிக்', அது ஐ, சி என்ற எழுத்துகளில் முடிகிறது. இப்படி முடிகிறவற்றுக்கு எல், ஒய் மாத்திரம் சேர்க்கலாகாது. ஏ, எல், எல், ஒய் என்று நான்கும் சேரவேண்டும். ஆனால் உச்சரிக்கும்போது அந்த 'ஏ, எல்' ஒளிந்துகொள்ளும்: 'டிக்கலி' என்று இழுக்காமல் 'டிக்லி' என்று முடிக்கவேண்டும், அழுத்தம் 'மாட்' என்ற அசையில். ட்ரமாட்டிக்லி, பேசிக்லி, ஆட்டோமாட்டிக்லி யாவும் இதே வகை. பப்ளிக் என்பதற்கு மாத்திரம் எல், ஒய் நேராகச் சேரும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், ஆங்கிலத்தை ஒரே ஆள் உட்கார்ந்து செய்யவில்லை என்று சொல்லுங்கள்.

இரண்டாவது காரியம் இதைவிட முக்கியம். நம்முடைய பிள்ளைகள் இதில் இடறுவது தமிழின் நிமித்தமே. தமிழில் 'ஆக' என்ற ஒரு விகுதி எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. 'நாடகத்தனமாக அழுதாள்' என்கிறோம். 'நாடகத்தனமாக இருக்காதே' என்றும் சொல்லுகிறோம். இரண்டு இடத்திலும் ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு பிள்ளை, 'டோன்ட் பீ மெலோடிராமாட்டிக்லி' என்கிறது. இது தவறு. இருத்தல், தோன்றுதல், ஆகுதல் என்ற வினைகளோடு ஆங்கிலம் பெயரடையைத்தான் கேட்கும்: 'டோன்ட் பீ மெலோடிராமாட்டிக்.' 'இட் சவுண்டட் மெலோடிராமாட்டிக்.' அழுதல், பெருமூச்சுவிடுதல், அறிவித்தல், கதவைச் சாத்துதல் என்று ஒரு செய்கை வரும்போது மாத்திரம் வினையடை: 'ஷீ சைட் மெலோடிராமாட்டிக்லி.' அவள் நாடகத்தனமாகப் பெருமூச்சு விட்டாள். பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவிக்க ஒரு சுலபமான வழி, 'எப்படிச் செய்தாள்?' என்று கேட்பது. கேள்விக்குச் செய்கை இருந்தால் 'லி' வரும். 'எப்படி இருந்தாள்?' என்று மாத்திரம் கேட்க முடிந்தால் 'லி' வராது.

இடத்தைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். தமிழில் வினையடை வினைக்கு முன்னே வரும், பின்னே போகாது. ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு. 'ஹீ மெலோடிராமாட்டிக்லி ஸ்லாம்ட் தி டோர்' என்றும் சொல்லலாம். 'ஹீ ஸ்லாம்ட் தி டோர் மெலோடிராமாட்டிக்லி' என்றும் சொல்லலாம். அவன் நாடகத்தனமாகக் கதவை அறைந்து சாத்தினான். ஆனால் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இதை நுழைக்கக்கூடாது. 'ஸ்லாம்ட் மெலோடிராமாட்டிக்லி தி டோர்' என்பது ஆங்கிலக் காதுக்குக் கல்லில் பல் பட்டதுபோல் இருக்கும்.

இதன் உறவினரை அடையாளம் காணாமல் இதை மாத்திரம் கற்றுக்கொள்வதால் பிரயோஜனமில்லை. மிகவும் நெருங்கின உறவு 'ட்ரமாட்டிக்லி'. மிகவும் ஏமாற்றுவதும் அதுவே. 'ஆனியன் பிரைசஸ் ரோஸ் ட்ரமாட்டிக்லி' என்று செய்தித்தாளில் வந்தால், வெங்காயம் நாடகமாடவில்லை. விலை திடீரென்று, கண்கூடாக, மிகவும் உயர்ந்தது என்று அர்த்தம். ஆங்கில ஆராதனையில் ஒருவர் 'மை ஹெல்த் இம்ப்ரூவ்ட் ட்ரமாட்டிக்லி' என்று சாட்சி சொன்னால் சந்தேகப்படவேண்டாம். நல்ல ஆங்கிலம் பேசுகிறார். அவரே 'மெலோடிராமாட்டிக்லி' என்று சொன்னால், சபை சிரிக்கும்.

'தியேட்ரிக்லி' கொஞ்சம் சாந்தமானது. பார்த்தல் என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது தியேட்டர், பார்க்கும் இடம். பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து செய்வதெல்லாம் தியேட்ரிக்லி. பிறந்தநாளில் தகப்பன் மேஜை விரிப்பை உருவிக் கேக்கைக் காட்டுகிறார்: 'ஹீ பவ்ட் தியேட்ரிக்லி' என்று எழுதினால், விளையாட்டாகக் குனிந்து வணங்கினார் என்று ஆகும். இதில் அன்பும் இருக்கலாம்.

அடுத்தது 'ஹிஸ்ட்ரியானிக்லி'. இது கடினமான சொல், பேச்சில் அபூர்வம். 'ஸ்டாப் தீஸ் ஹிஸ்ட்ரியானிக்ஸ்', இந்த ஆர்ப்பாட்டத்தை நிறுத்து, என்று பெயர்ச்சொல்லாகவே அதிகம் வழங்குகிறது. லத்தீனில் ஹிஸ்ட்ரியோ என்றால் நடிகன். கி.மு. 364-ல் ரோமாபுரியில் கொள்ளைநோய் கண்டபோது, தங்கள் தெய்வங்களின் கோபத்தைத் தணிக்க எட்ரூரியா தேசத்து நடனக்காரர்களை வரவழைத்தார்கள் என்றும், அந்தத் தேசத்தார் கூத்தனை இஸ்டர் என்று அழைத்ததால் இந்தப் பெயர் உண்டாயிற்று என்றும் லிவி என்ற ரோமச் சரித்திரக்காரர் எழுதுகிறார். இதை 'ஹிஸ்டெரிக்லி' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். அது வேறு வேர்: கர்ப்பப்பை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். தன்னை அடக்கமுடியாமல் அழுவது அல்லது சிரிப்பது ஹிஸ்டெரிக்லி. ஒன்றில் கட்டுப்பாடு இல்லை. மற்றதிலோ கட்டுப்பாடு இருந்தும் காட்சிக்காகச் செய்வதாகக் குற்றச்சாட்டு. எழுத்தில் கொஞ்சமே வித்தியாசம், பொருளில் ஏறக்குறைய எதிர்மறை.

இன்னும் ஓர் உறவினர் உண்டு. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கிரேக்க அரங்கத்தில் முகமூடி அணிந்து நடித்தவனுக்கு ஹுபோக்ரிட்டேஸ் என்று பெயர். சுவிசேஷங்களில் வரும் அந்தச் சொல்லைத்தான் நம்முடைய தமிழ் வேதாகமம் மாயக்காரன் என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆங்கிலம் மொழிபெயர்க்காமல் ஹிப்பாக்ரிட் என்று அப்படியே எடுத்துக்கொண்டது. இருவருக்கும் மூதாதை நடிகனே. ஆனால் பிள்ளைகளுக்கு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். மாயக்காரனுக்கு உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று. அவன் அமைதியாகவே இருக்கக்கூடும், மெல்லப் பேசக்கூடும். மெலோடிராமாட்டிக்லி அழுகிறவனுக்கோ உள்ளே உண்மையான துக்கமே இருக்கலாம். அதைப் படி அளவில் காட்டவேண்டிய இடத்தில் மரக்கால் அளவில் காட்டுகிறான், அவ்வளவே. முதலைக்கண்ணீரும் பழையனூர் நீலியின் கண்ணீரும் மாயக்காரன் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றை மொழிபெயர்க்க இந்த மாதச் சொல் உதவாது.

இந்த வேறுபாடு பரீட்சைக்கு மாத்திரம் உரியதல்ல. சில வருஷங்களுக்கு முன்பு, மும்பையின் புறநகரில் வர்ணம் பூசும் வேலை செய்யும் ஒரு சகோதரர் தம் மகளின் பள்ளி டைரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளை. வகுப்பாசிரியை எழுதியிருந்தது இரண்டே வரி: உங்கள் மகள் இன்று வகுப்பில் ஹிஸ்ட்ரியானிக்லி நடந்துகொண்டாள், தயவுசெய்து புத்தி சொல்லுங்கள். சகோதரருக்கு ஆங்கிலம் தெரியாது. கீழ்வீட்டுப் பையன் தன் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடி, "அண்ணே, இது ஒரு மனநோயோட பெயர்" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் வெளியிட்ட தன் மூன்றாம் கையேட்டில், ஹிஸ்டெரிக்கல் என்ற பழைய பெயரை நீக்கிவிட்டு, ஒருவகை ஆளுமைக் கோளாறுக்கு ஹிஸ்ட்ரியானிக் என்ற பெயரைத் தந்தது. ஆனால் அது இளமைப் பருவம் தொடங்கி வருஷக்கணக்காய் நீடிக்கும் ஒரு சுபாவத்தைப் பற்றினது. மருத்துவர் பலதரம் பார்த்துத் தீர்மானிக்கவேண்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருநாள் அழுததைப் பற்றினதல்ல. இதையெல்லாம் அறியாத தாய் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

நடந்தது என்னவென்று பிள்ளையிடமே கேட்டோம். அன்று காலையில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அவளை வளர்த்த பாட்டி இறந்துபோனார்கள். வீட்டிலிருந்து பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது; அலுவலகத்தில் அவளை அழைத்துச் செய்தியைச் சொல்லிவிட்டு, அப்பா வரும்வரை வகுப்பில் இரு என்று திருப்பி அனுப்பினார்கள். வகுப்பாசிரியைக்கு யாரும் தெரிவிக்கவில்லை. பிள்ளை தன் இருக்கைக்கு வந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு சத்தமிட்டு அழுதாள். ஊரில் துக்க வீட்டில் பெண்கள் எப்படி அழுவார்களோ, அப்படி. அவளுக்கு வேறு விதமாய் அழத் தெரியாது. ஒப்பாரியைக் கேட்டிராத ஒரு பட்டணத்து ஆசிரியைக்கு அது நடிப்பாகத் தோன்றினது ஆச்சரியமல்ல; கடைசி வரிசைக்குரிய அபிநயமாகத் தோன்றியிருக்கும்.

சகோதரருக்காக ஆங்கிலத்தில் பதில் எழுதினோம். அதில் வினையடை ஒன்றே ஒன்றுதான் வைத்தோம். 'மை டாட்டர் க்ரைட் லவுட்லி பிகாஸ் ஹர் கிராண்ட்மதர் டைட் தட் மார்னிங். தட் இஸ் ஹவ் அவர் பீப்பிள் மோர்ன். ஷீ வாஸ் நாட் ப்ரிட்டெண்டிங்.' என் மகள் சத்தமாய் அழுதாள், ஏனெனில் அவள் பாட்டி அன்று காலையில் இறந்துபோனார்கள். எங்கள் ஜனங்கள் துக்கிப்பது அப்படித்தான். அவள் பாசாங்கு செய்யவில்லை. 'லவுட்லி' என்பது காதால் கேட்டதைச் சொல்லும் சொல். யார் கேட்டிருந்தாலும் ஒத்துக்கொள்வார்கள். 'ஹிஸ்ட்ரியானிக்லி' என்பது கேட்டவருடைய தீர்ப்பு. இரண்டும் 'லி'யில்தான் முடிகின்றன. ஆனால் ஒன்று சாட்சி, மற்றது நியாயாதிபதி. ஆசிரியை அந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தகப்பனை அழைத்துப் பேசினார்கள், மனம் வருந்தினார்கள், அதே பக்கத்தில் கீழே அனுதாபமாய் இன்னொரு வரி எழுதிக் கொடுத்தார்கள். முதல் வரியை ஒருவரும் அடிக்கவில்லை. வருஷக் கடைசிவரை அது அந்த டைரியில் இருந்தது.

நம் வாசகரில் மருத்துவமனைகளில் வேலைசெய்யும் செவிலியர்கள் அநேகர் உண்டு. பள்ளி ஆசிரியைகளும், பிறருடைய வேலையைக் குறித்து அறிக்கை எழுதும் மேற்பார்வையாளர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லுவது: கதை எழுதும்போது இந்தச் சொல்லைத் தாராளமாக உபயோகியுங்கள். பிறருடைய பதிவேட்டில் எழுதாதேயுங்கள். 'வலியினால் பத்து நிமிஷம் கத்தினார்' என்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவர் வலியைத் தேடுவார். 'மெலோடிராமாட்டிக்லி கத்தினார்' என்று எழுதினால், அவர் தேடாமலே போகக்கூடும்.

இரண்டாம் சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் பதினான்காம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மொழிப் பயிற்சிக்காகவே சொல்லுகிறேன். முதல் அதிகாரத்தில் தாமார் தலையின்மேல் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுத்தியிருந்த பலவர்ண வஸ்திரத்தைக் கிழித்து, தலையில் கைவைத்து, சத்தமிட்டுக்கொண்டே நடந்துபோகிறாள். அடுத்ததில் தெக்கோவா ஊராளாகிய ஒரு புத்திசாலி ஸ்திரீ, யோவாப் சொல்லிக்கொடுத்தபடி துக்கவஸ்திரம் உடுத்தி, எண்ணெய் பூசாமல், நெடுநாள் துக்கித்தவளைப்போல ராஜாவினிடத்தில் வருகிறாள். முந்தினவள் செய்தது பார்வைக்குப் பெரிது. பிந்தினவள் செய்தது அடக்கமானது. ஆனால் நடித்தவள் பிந்தினவள்தான். அவளைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதினால் 'மெலோடிராமாட்டிக்லி' பொருந்தாது, அவள் மிகைப்படுத்தவில்லை. தாவீது அவளுடைய கதையை நம்பினார். யோவாபின் கை அதில் உண்டு என்று பிற்பாடு கண்டுகொண்டதும் அவள் கேட்ட காரியத்தினாலேயன்றி அவளுடைய அழுகையினால் அல்ல. ஆகவே 'கன்வின்சிங்லி', நம்பும்படியாக. தாமாருக்கோ 'பிட்டர்லி' என்றும் 'அலௌட்' என்றும் எழுதலாம், மனங்கசந்து, வாய்விட்டு. அவளுடைய செய்கைகளை எண்ணிக்கையிட்டுப் பார்த்தால் மேடை நடிகையின் செய்கைகளுக்குக் குறைவில்லை. அங்கே இந்த மாதச் சொல்லை வைக்கிற மாணவனுக்கு இலக்கணத்தில் முழு மதிப்பெண் கிடைக்கும். பொருளில் ஒன்றும் கிடைக்காது. அவளுடைய துக்கத்துக்கு அந்த அளவு மிஞ்சினதல்ல.

சரி, இந்தச் சொல்லைச் சந்தோஷமாக உபயோகிக்க இடமே இல்லையா? உண்டு. தன்னைக் குறித்துச் சொல்லும்போது இது முள் உதிர்ந்த சொல்லாகிவிடும். 'வென் ஐ சா தி எலெக்ட்ரிசிட்டி பில், ஐ மெலோடிராமாட்டிக்லி க்ளட்ச்ட் மை ஹார்ட்.' மின்சாரக் கட்டணச் சீட்டைக் கண்டதும் நாடகத்தனமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இதில் யாருக்கும் காயமில்லை. கட்டணம் மாத்திரம் உண்மை. சிறு பிள்ளைகளைப் பற்றியும் எழுதலாம்: 'மை லிட்டில் சன் மெலோடிராமாட்டிக்லி டிக்ளேர்ட் தட் ஹீ வுட் நெவர் ஈட் உப்புமா அகெய்ன்.' என் சின்ன மகன் இனி ஒருபோதும் உப்புமா சாப்பிடமாட்டேன் என்று நாடகத்தனமாக அறிவித்தான். அறிவித்தல், சபதமிடுதல், பெருமூச்சுவிடுதல், கண்களை உருட்டுதல், கைகளை உயர்த்துதல், சோபாவில் சரிதல் ஆகிய வினைகளோடு இந்தச் சொல் சரளமாய்ச் சேரும். 'ஓவர்ஆக்ட்' என்பதோடு சேர்க்கவேண்டாம்; மிகை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டு தரம் எழுதவும் வேண்டாம். ஆறு அசையுள்ள நீளமான சொல். இரண்டாம் தரம் வந்தால் எழுதினவரே நாடகமாடுவதுபோல் ஆகும்.

பெங்களூர் மகளுக்கு இழந்த அரை மதிப்பெண்ணை மீட்க ஒரு வாக்கியம்: 'வென் ஹிஸ் ஸிஸ்டர் டுக் தி லாஸ்ட் லட்டு, மை பிரதர் ஃபெல் மெலோடிராமாட்டிக்லி டு தி ஃப்ளோர்.' நாடகம் இல்லை, மேடை இல்லை, கடைசி லட்டு உண்டு. ஆசிரியை ஏற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் பிள்ளைகள் எழுதிப் பார்ப்பதற்கு: தாத்தா நாளிதழை நாடகத்தனமாகக் கீழே போட்டார். மழைக்குப் பிறகு ஏரியின் நீர்மட்டம் வெகுவாக உயர்ந்தது. சித்தி செய்தியைக் கேட்டு வாய்விட்டு அழுதார்கள். இவ்வளவு நாடகத்தனமாக இருக்காதே, அண்ணா. நான்கில் எதற்கு 'மெலோடிராமாட்டிக்லி', எதற்கு 'ட்ரமாட்டிக்லி', எதற்கு இரண்டுமில்லை, எதில் 'லி' உதிர்ந்துபோகும் என்று முதலில் அவர்களே யோசித்து எழுதட்டும். விடைகள் அடுத்த இதழில். அடுத்த மாதத்துக்கு, நாசிக்கிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கும் 'ஆக்சுவலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம்மில் சிலர் அதை மூச்சைப்போல் உபயோகிக்கிறார்கள்.